நான் எழுதிய மூன்றாவது நிபந்தனை

என் மகனின் ஐசி, அவனுடைய அடையாள அட்டை, ஏழு மாதம் என்னிடம் இருந்தது. அலமாரியில் நீலக் கோப்பு ஒன்றில், எங்கள் திருமணச் சான்றிதழுக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் நடுவில், பிளாஸ்டிக் உறைக்குள். அந்த ஏழு மாதமும் அவன் வீட்டில் இல்லை. இதை எழுதுகிற இப்போதும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நாலு வரிக்கு ஒரு தரம் எழுந்து போய் வாசல் கிரில் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கிறேன். பூட்டியிருந்தால் திறக்கலாமா என்று தோன்றுகிறது. திறந்திருந்தால் பூட்டத் தோன்றுகிறது.

நான் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் கிளார்க். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புகிறவன். கப்பலில் வந்து இறங்கும் கண்டெய்னர் துறைமுகத்தை விட்டு வெளியேற வேண்டுமென்றால் டியூட்டி என்கிற சுங்கவரி கட்டியிருக்க வேண்டும், அதற்குரிய காகிதங்கள் அத்தனையும் சரியாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பெட்டி நகராது. உள்ளே மீன் இருந்தாலும் சரி, மருந்து இருந்தாலும் சரி. அதை நாங்கள் ‘ஹோல்டு’ என்போம். ஹோல்டு விழுந்துவிட்டால் எப்பேர்ப்பட்ட முதலாளியும் போனைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் கெஞ்சுவார். பல வருஷம் அதைப் பார்த்துப் பார்த்து, காகிதத்தைப் பிடித்து வைத்தால் ஆள் தானாக வந்து நிற்பான் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை ஊறிவிட்டது.

மகன் ஐசியை இரண்டு முறை தொலைத்திருக்கிறான். முதல் முறை ஃபுட்சால் விளையாடப் போன இடத்தில். இரண்டாவது முறை மோட்டார் சைக்கிளில் போகும்போது பர்ஸோடு எங்கேயோ விழுந்துவிட்டது. இரண்டு முறையும் நான்தான் லீவு போட்டுப் பதிவு இலாகா வரிசையில் அவனோடு நின்றேன். மூன்றாம் முறை தொலைத்தால் விசாரணை, கேள்வி என்று இழுப்பார்கள் என்றார் அங்கிருந்தவர். அன்றைக்கே புது அட்டையை அவன் கையிலிருந்து வாங்கி நீலக் கோப்பில் வைத்தேன். வேண்டும்போது கேட்டு வாங்கிக்கொள்வான், திருப்பித் தருவான். அவனுக்கு அப்போது இருபது வயது. எங்கள் வீட்டில் அது யாருக்கும் விசித்திரமாகத் தெரியவில்லை. மனைவியின் பாஸ்போர்ட்டும் அந்தக் கோப்பில்தான் இருந்தது.

பண்டமாரானில் ஒரு கிடங்கில் அவனுக்கு நான்தான் வேலை வாங்கிக் கொடுத்தேன். தெரிந்தவர் மூலமாக. பதினோரு மாதம் போனான். பிறகு ஒருநாள் அந்தத் தெரிந்தவரே ரயில் நிலையத்தில் என்னைப் பிடித்து, “பையனுக்கு ஒடம்பு சரியில்லையா அண்ணே? ரெண்டு வாரமா ஆளைக் காணோம்லா” என்றார். இரண்டு வாரமும் அவன் காலையில் சீருடை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பிக்கொண்டுதான் இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்து சாப்பாடு முடிந்த பிறகு கேட்டேன். அவன் மறைக்கவில்லை.

“எனக்கு அந்த வேலை வேணாம்ப்பா. மூச்சு முட்டுது அங்க. நானா ஒண்ணு தேடிக்கிறேன்.”

“தேடிட்டு விட்டியா, விட்டுட்டுத் தேடுறியா?”

“ஐசிய குடுங்க. ரெண்டு மூணு எடத்துல கேக்குறாங்க.”

“திங்கக்கிழமை பண்டமாரானுக்குப் போ. மன்னிப்புக் கேளு. சாயந்தரம் வந்து வாங்கிக்க.”

அவன் என்னைப் பார்த்தான். “நான் என்ன கண்டெய்னரா ப்பா?”

“ஆமா,” என்றேன். “ஹோல்டு.”

அது ஒரு நகைச்சுவை என்று நான் நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். அவன் ஒரு பையில் நான்கு சட்டையைப் போட்டுக்கொண்டு, காலணியின் நாடாவைக்கூடக் கட்டாமல் போனான். மனைவி லிஃப்ட் வரை ஓடினாள். திரும்பி வந்தவளிடம் நான் சொன்னது இது: “ஐசி இல்லாம எங்க போயிடுவான்? ரெண்டு வாரம். பாத்துக்கிட்டே இரு.”

மூன்றாம் வாரத்திலிருந்து அவன் போனுக்கு அடித்தால் ஆஃப் என்று வந்தது.

அந்த நேரத்தில்தான் மானியம் வந்தது. எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. அதன் கோடியில் வீடில்லாதவர்கள் வந்து தங்கிப்போகும் காப்பகம், பழைய இரண்டு மாடிக் கடைவீடு. சந்து, காப்பகம் இரண்டையும் சேர்த்துச் சீரமைக்க மத்திய அரசு ஒரே மானியமாக நகராண்மைக்கு ஒதுக்கியிருந்தது. சந்துக்குப் புது விளக்கு, நடைபாதைக் கல், பெஞ்சு. காப்பகத்துக்குப் புதுக் கட்டில், குளியலறை, பூட்டு வைத்த பெட்டிகள். வருஷம் முடிவதற்குள் வேலை முடிய வேண்டும், இல்லாவிட்டால் மானியம் வந்த வழியே திரும்பிப் போய்விடும். அதோடு, சுற்றி இருக்கிற குடியிருப்பாளர் சங்கம் சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டும். அந்தச் சங்கத்தின் செயலாளர் நான். கடிதம் எழுதத் தெரிந்தவன் என்பதால் என் தலையில் கட்டிய பதவி.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு சர்ச் ஹாலில் கூட்டம். நகராண்மையிலிருந்து வந்தவர் ஓர் இளம் மலாய் அதிகாரி, பெண். சுவரில் படம் காட்டி மலாயில் விளக்கினார். வயதானவர்களுக்காக நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். விளக்கு வரை எல்லாரும் தலையாட்டினார்கள். கட்டில் படம் வந்ததும் மூன்றாம் மாடி அக்கா எழுந்துவிட்டார்.

“லைட்டு சரி, கல்லு சரி. அந்த எடத்துக்கு எதுக்குப் புதுக் கட்டிலு? இருக்கற கூட்டம் பத்தலையா?”

எங்கள் சங்கத் தலைவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முன் வரிசையிலிருந்து திரும்பினார். “ஹோட்டலு கட்டுறாங்கம்மா. எனக்கும் ஒரு ரூமு போடச் சொல்லுலா. மருமக தொல்லை தாங்கல.”

ஹால் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. “உங்களுக்கு என்னா அங்கிள், நீங்க ஆறாவது மாடி. எங்க படிக்கட்டுல தெனம் ஒருத்தன் படுத்துக் கெடக்கறான். எம்பொண்ணு ஸ்கூலுக்குப் போறப்ப தாண்டிப் போறா.”

அவர் சொன்னது பொய்யில்லை. அந்த மனிதனை நானும் தாண்டிப் போயிருக்கிறேன். தங்கும் இடம் நன்றாக இருந்தால் படிக்கட்டில் படுக்க மாட்டார்கள் என்று அதிகாரி சொன்னதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். யாரும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. கூட்டம் கலைந்துவிடும் போலிருந்தது. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. சம்மதம் கொடுப்போம், ஆனால் நிபந்தனையோடு. வெள்ளைத் தாளை எடுத்து அங்கேயே எழுத ஆரம்பித்தேன். முதலாவது, சந்தில் விளக்கு எந்த நேரமும் அணையக் கூடாது. இரண்டாவது, பெஞ்சுகளின் நடுவில் கைப்பிடி வைக்க வேண்டும். உட்காரலாம், படுக்க முடியாது. மூன்றாவது, காப்பகத்தில் கவுண்டர் வைத்து ஐசி பார்த்துப் பதிவு செய்துதான் உள்ளே விட வேண்டும். ஐசி இல்லாதவருக்கு அனுமதி இல்லை.

மூன்றாவதைப் படித்ததும் அதிகாரி பேனாவைக் கீழே வைத்து, என்னை ‘என்சிக்’, ஐயா, என்று விளித்துச் சொன்னார். “அங்கே வருகிறவர்களில் பலரிடம் ஐசி இருக்காது, என்சிக். தொலைத்திருப்பார்கள். இல்லையென்றால் யாராவது வாங்கி வைத்திருப்பார்கள்.”

அதையும் நான்தான் தமிழில் சொன்னேன். ‘யாராவது வாங்கி வைத்திருப்பார்கள்’ என்று என் வாயால் ஹால் முழுக்கக் கேட்கச் சொன்னேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. முதலாளிகளைச் சொல்கிறார், வட்டிக்காரர்களைச் சொல்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பிறகு ஹாலைப் பார்த்துச் சொன்னேன்:

“டோக்குமென்டு இல்லாம ஒரு பெட்டி போர்ட்ட விட்டு நகராது. நான் தெனம் பாக்குறேன். மனுசன் மட்டும் எப்படி உள்ள போவான்?”

கை தட்டினார்கள். மூன்றாம் மாடி அக்காதான் முதலில் தட்டினார். பின்னால் தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் என் மனைவி நின்றிருந்தாள். ஒரே கோப்பையைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் எனக்குப் பின்னால் பத்தடி தள்ளியே வந்தாள். கால் வலி என்று நினைத்தேன்.

வேலை வேகமாக நடந்தது. வருஷக் கடைசி நெருங்க நெருங்கச் சந்தில் கல் அறுக்கும் சத்தம் நிற்கவே இல்லை. நான் காலையிலும் மாலையிலும் அந்த வழியே போனேன். கடிதம் எழுதியவன் என்ற முறையில் கான்ட்ராக்டரின் ஆட்களிடம் கைப்பிடி அளவைக்கூட விசாரித்தேன். உண்மையில் நான் அங்கே போனது வேறு காரணத்துக்காக. மோனோரயிலிலிருந்து இறங்கி வருகிறவர்கள் எல்லாரும் அந்தச் சந்து முனையைக் கடந்துதான் போக வேண்டும். ஒவ்வொருவர் நடையையும் பார்ப்பேன். அவன் இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பான். அப்படி நடக்கிறவர்கள் இந்த ஊரில் இத்தனை பேரா என்று இருக்கும்.

அவன் நண்பர்களைக் கேட்டேன். ஒருவன் ஜெஞ்சாரோமில் பார்த்ததாகச் சொன்னான், பிறகு அது வேறு யாரோ என்றான். இன்னொருவன் மூன்றாம் முறை கேட்டபோதுதான் வாயைத் திறந்தான். “செலாயாங் மார்க்கெட்டுல காய்கறி எறக்குறான் அங்கிள். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.”

நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை செலாயாங் மொத்தச் சந்தைக்குப் போனேன். லோரிகள், முட்டைக்கோஸ் மூட்டைகள், காலடியில் சேறு. போனில் இருந்த மகனின் படத்தைக் காட்டிக்கொண்டே வரிசை வரிசையாக நடந்தேன். வெங்காயக் கடையில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர் படத்தை வாங்கி நன்றாகப் பார்த்தார். தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர், பேச்சிலேயே தெரிந்தது.

“இவரா? நம்ம தம்பி. எங்ககூடத்தான் இருந்தாரு. போன வாரம் போயிட்டாருண்ணே.”

“ஏன்? சண்டையா?”

“சண்டையெல்லாம் இல்ல. தங்கமான ஆளு. இமிகிரேசன் செக்கிங் வந்துச்சு. எல்லாரும் பேப்பரை எடுன்னான். எங்கிட்ட பெர்மிட்டு இருக்கு, இந்தக் கடையில எல்லார்கிட்டயும் இருக்கு. இவருகிட்ட மட்டும் ஒண்ணும் இல்ல.” அவர் சிரித்தார். சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “நான் இங்கயே பொறந்தவன், ஐசி எங்கப்பாகிட்ட இருக்குன்னாரு. ஆபீசருக்குக்கூட சிரிப்பு வந்துருச்சுண்ணே. மலாய் நல்லா பேசுனாரு, அதனால விட்டாங்க. ஆனா மொதலாளி பயந்துட்டாரு. ஐசி கொண்டா, அப்புறம் வா அப்படின்னுட்டாரு.”

“எங்க போனான்னு தெரியுமா?”

“பிரிக்ஃபீல்ட்ஸ்ல தங்க ஏதோ எடம் இருக்குன்னாரு. நீங்க யாருண்ணே?”

நன்றி மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். டாக்சியில் வரும்போது, அவன் ஏன் பதிவு இலாகாவுக்குப் போய்த் தொலைந்துவிட்டது என்று சொல்லிப் புதிது கேட்கவில்லை என்று யோசித்தேன். உடனே தெரிந்தது. தொலையாததைத் தொலைந்தது என்று சொல்ல அவனுக்கு வராது. சீருடை போட்டுக்கொண்டு என்னை ஏமாற்றிய அந்த இரண்டு வாரத்தில் அவன் முகம் எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். அவன் சாப்பிடவே இல்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் தங்க ஏதோ இடம். நான் அன்றைக்கே காப்பகத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒவ்வொரு நாளும் சந்துக்குள் பாதி தூரம் போய்த் திரும்பினேன். சங்கச் செயலாளர் அந்தக் கதவைத் தட்டி மகனைக் கேட்டு நிற்பதை யாராவது பார்த்தால்? இதைத்தான் நான் யோசித்தேன். எழுதவே கூசுகிறது, ஆனால் இதைத்தான் யோசித்தேன்.

டிசம்பர் நடுவில், திறப்பு விழாவுக்கு முன்னால், சுற்றிப் பார்க்கச் சங்கத்தை அழைத்தார்கள். தலைவருக்கு முட்டி வலி. நான் தனியாகப் போனேன். காப்பகப் பொறுப்பாளர் நாற்பது வயது மதிக்கத்தக்க தமிழ்ப் பெண். வாயாடி. மாடிக்கு அழைத்துப் போய்ப் புதுக் கட்டில்களைக் காட்டினார். பாதி மெத்தைகளின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை.

“பாருங்கண்ணே, அழகா இருக்குல்ல? பாதி காலி. உங்க சட்டம் மொத மாசமே வந்துருச்சு, கட்டிலுதான் கடைசியா வந்துச்சு.”

என் சட்டம் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். “கவுண்டர் சுவத்துல ஒட்டியிருக்கே. குடியிருப்பாளர் சங்கத்தோட வேண்டுகோளின்படின்னு. கீழ உங்க கையெழுத்து.”

கீழே கவுண்டருக்கு வந்தோம். புதுக் கணினி, ஐசி செருகும் சிறு கருவி. அதன் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பது போல ஒரு நோட்டுப் புத்தகம்.

“கம்ப்யூட்டர்ல உள்ள விட்டவங்க மட்டும்தான் ஏறுவாங்க. வெளிய அனுப்புனவங்கள நானா இதுல எழுதி வைக்கிறேன். யாரும் எழுதச் சொல்லல. அனுப்பிட்டு வீட்டுக்குப் போனா சோறு எறங்க மாட்டேங்குது, அதான்.”

புரட்டினேன். பெயர்கள் இல்லை. ஆளின் அடையாளமும் காரணமும் மட்டும். ‘வயசான சீனர், இருமல், ஐசி தொலைந்தது.’ ‘அம்மாவும் மகளும், காகிதம் எல்லாம் எரிந்துவிட்டது.’ நான்காவது பக்கத்தில்: ‘தமிழ்ப் பையன், கால் இழுத்து நடக்கிறான். ஐசி வீட்டில், அப்பாவிடம். திருப்பி அனுப்பினேன். மழை.’ இரண்டு நாள் கழித்து: ‘அதே பையன்.’ அடுத்த வாரம்: ‘அதே பையன். கேட்கவில்லை, வாசலில் நின்றுவிட்டுப் போனான்.’

புத்தகத்தை மூடி வைக்க எனக்குத் தெரியவில்லை. கையில் பிடித்துக்கொண்டே நின்றேன்.

“தெரிஞ்ச பையனாண்ணே?”

“எம்மவன்.”

அந்த வாயாடிப் பெண் நோட்டுப் புத்தகத்தை என் கையிலிருந்து மெல்ல எடுத்து வைத்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. அவன் எங்கே போனான் என்று கேட்டேன்.

“ராத்திரி நேரத்துல வாசல்ல அந்தப் பெஞ்சுலதான் உக்காந்திருந்தான், விடியறதுக்குள்ள போயிடுவான். படுக்க முடியாதே, நடுவுல கம்பி. சாஞ்சுக்கிட்டே தூங்குனான். இப்ப ஒரு வாரமா காணோம்.”

வீட்டுக்கு ஓடினேன். நீலக் கோப்பிலிருந்து ஐசியை எடுத்துக்கொண்டு திரும்ப ஓடி வந்து கவுண்டர் மேல் வைத்தேன். அவன் வந்தால் கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர் தொடக்கூட இல்லை.

“அடுத்தவங்க ஐசிய நான் வாங்கி வைக்கக் கூடாதுண்ணே. இங்க வர்றவங்கள்ல பாதிப் பேரோட கதையே அதுதான். நீங்களே வச்சுக்குங்க. அந்தச் சட்டத்த எடுங்க. ஐசி இல்லாமலும் விடுறாங்கன்னு தெரிஞ்சா அவனா வருவான். இவங்களுக்குள்ள செய்தி நம்ம போனைவிட வேகமாப் போவும்.”

மறுநாள் லீவு போட்டு நகராண்மைக்குப் போனேன். அந்த இளம் அதிகாரிக்கு என்னை நன்றாக நினைவிருந்தது. நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டார். அவர் முகத்தில் ஏளனம் இல்லை, அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோப்பைத் திறந்து கடிதத்தைக் காட்டினார். என் கையெழுத்து, என் மலாய், ஒரு பிழை இல்லை. “மானியம் வந்தது இந்தக் கடிதத்தின் பேரில், என்சிக். நான் தனியாக மாற்ற முடியாது. சங்கம் கூடி இன்னொரு கடிதம் கொடுத்தால் மாற்றலாம். அதற்கு ஒரு காசும் செலவில்லை.”

இன்னொரு கூட்டம் என்றால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு எல்லாம் கடந்து ஜனவரியில்தான். அந்த மூன்று வாரமும் ஐசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். ரயிலில் இருந்தாலும் ஆபீசில் இருந்தாலும் கை தானாகப் பைக்குப் போகும். கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தபோதும் நான் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி அதைப் பார்த்தாள். “இப்பத் தொட்டு என்னாங்க பண்றது?” என்றாள். ஏழு மாதத்தில் அவள் என்னைக் குறை சொன்னது அது ஒன்றுதான்.

கூட்டத்துக்கு முன் தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டார். விஷயத்தை அவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். “மனிதாபிமான அடிப்படையில்னு எழுதிக்கலாம் தம்பி. நல்லாத்தானே இருக்கு? வீட்டு விஷயத்த ஏன் ஹால்ல போட்டு ஒடைக்கிற?”

எனக்கும் அதுதான் வசதி. இரண்டு பக்கத்துக்கு அழகாகத் தயாரித்து வைத்திருந்தேன். முதல் பக்கம் பாதி படிப்பதற்குள் மூன்றாம் மாடி அக்கா கை தூக்கினார்.

“ஒரு நிமிசம்லா செக்ரெட்டரி. அன்னிக்கு நீங்கதான பெட்டி நகராதுன்னீங்க? கை தட்டுனோம்ல? இப்ப என்னா திடீர்னு மனிதாபிமானம்?”

தாளை மடித்தேன். சொன்னேன். ஐசி எங்கே இருந்தது, யார் வைத்திருந்தார்கள், நோட்டுப் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தது எல்லாவற்றையும். நின்று நின்று சொன்னேன், சரியாக வரவில்லை. முடித்தேன். பின்வரிசையில் ஒருவர், எப்போதும் குத்தலாகப் பேசுகிறவர், “அப்ப ஒங்க கண்டெய்னரு வெளிய மாட்டிக்கிச்சாண்ணே?” என்றார். யாரும் சிரிக்கவில்லை. சொன்னவரே தலையைக் குனிந்துகொண்டார்.

தேநீர்ப் பாத்திரத்தின் பக்கத்திலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. “ஆமா, எங்க கண்டெய்னர்தான். கை தூக்கறவங்க தூக்குங்க. டீ ஆறுது.”

பாதிக்குக் கொஞ்சம் மேலே கைகள் எழுந்தன. ஐசி இல்லாதவர் பெயர் மட்டும் சொல்லி மூன்று நாள் தங்கலாம், அதற்குள் ஐசிக்குக் காப்பகமே உதவ வேண்டும் என்று முடிவானது. மூன்றாம் மாடி அக்கா கை தூக்கவில்லை. வெளியே போகும்போது மட்டும் என் மனைவியின் தோளைத் தொட்டு, “பையன் கெடைச்சிடுவான்லா. ஆனா எம்பொண்ணையும் நான் பாக்கணும்ல?” என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அன்றைக்குப் பேசிய நானும் கைதட்டிய அவரும் ஒரே ஆள்தான்.

கடிதத்தை மறுநாளே நேரில் கொண்டு போய்க் கொடுத்தேன். ஒன்பதாம் நாள், சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் காப்பகப் பெண் போன் செய்தார்.

“வந்திருக்கான். நேத்தே வந்துட்டான், சொல்ல வேணாம்னான். இன்னிக்கு நானே கேட்டேன், ஐசிய கொண்டாரச் சொல்லட்டுமான்னு. கொண்டாரட்டும்னான். அது மட்டும்தான் சொன்னான்ண்ணே. வேற ஒண்ணும் நெனைச்சுக்கிட்டு வராதீங்க.”

நானும் மனைவியும் போனோம். அவன் கவுண்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். மெலிந்திருந்தான். தாடி. கையில் அதே பை. மனைவி அவன் கன்னத்தைத் தொட்டாள், அவன் தடுக்கவில்லை. “சாப்பிட்டியாப்பா?” என்றாள். “ஆச்சும்மா, இங்கயே குடுத்தாங்க.”

நான் ஐசியை எடுத்து நீட்டினேன். அவன் உடனே வாங்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு கேட்டான்:

“டியூட்டி ஏதும் கட்டணுமா ப்பா?”

“வேணாம்.”

“பண்டமாரான்?”

“அதுவும் வேணாம்.”

வாங்கிக்கொண்டான். ‘தொலைச்சிடாத’ என்ற சொல் என் தொண்டை வரை வந்தது. ஏழு மாதமும், இருபது வருஷமும் சேர்ந்து தள்ளின. பல்லைக் கடித்து நிறுத்தினேன். அவன் பர்ஸில் வைப்பான் என்று எதிர்பார்த்தேன். திரும்பி, அதைக் கவுண்டரில் இருந்த கருவிக்குள் செருகினான். திரையில் அவன் படம் வந்தது, இருபது வயதில் எடுத்தது, முறைத்துக்கொண்டு. காப்பகப் பெண் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தட்டச்சு செய்தார். கட்டில் எண்ணைச் சொன்னார்.

“வீட்டுக்கு வரலியாடா?” என்றாள் மனைவி.

“இப்ப இல்லம்மா. திங்கக்கெழமை கிள்ளான்ல ஒரு எடத்துல வரச் சொல்லியிருக்காங்க. பாத்துட்டு சொல்றேன்.” படியில் ஏறும்போது இடது கால் இழுத்தது. பாதியில் நின்று, “போன் நம்பர் அதேதான். திரும்ப ஆன் பண்றேன்” என்று என்னைப் பார்க்காமல் என்னிடம் சொன்னான்.

வெளியே வந்தோம். இன்னும் வெளிச்சம் இருந்தது, ஆனால் என் நிபந்தனைப்படி விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. உடனே வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தோம். மனைவி என் பக்கம் நகர்ந்து வரப் பார்த்தாள். நடுவில் இருந்த கைப்பிடி அவள் இடுப்பில் இடித்தது. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, கடைசியில் அதைத் தட்டிக் காட்டினாள்.

“ஏங்க, இதைக் கழட்டச் சொல்லி இன்னொரு லெட்டர் எழுதுங்க.”

“அதுக்குக் கூட்டம் போடணும்.”

“போடுங்க. டீ நான் போடறேன்.”

நான் போனைச் சட்டைப் பையில், ஐசி இருந்த இடத்தில், வைத்துக்கொண்டேன். உடனே எடுத்துப் பார்த்தேன். வைத்தேன். மறுபடி எடுத்தேன். எதிரே காப்பக மாடியில் ஒரு ஜன்னலில் விளக்கு எரிந்தது. அது அவன் கட்டில் இருக்கும் அறையா என்று மனைவி கேட்டாள். கட்டில் எண்ணை நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. போய்க் கேட்டு வரலாமா என்று எழுந்தேன். அவள் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.